சும்மா பறக்கவிட்டேன்

ட்ரோன் வாங்கப்போகிறேன் என்று நான் சொன்ன இரவில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"இன்னாத்துக்கும்மா அது?" என்றார் மாமியார். "அத வச்சி என்ன பண்ணப் போற?" என்றார் வீட்டுக்காரர். சென்னையில் படிக்கும் மகன் போனில், "யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போறியாம்மா? இல்ல கல்யாண ஆர்டர் எடுக்கப் போறியா?" என்றான். அவன் குரலில் கொஞ்சம் ஆர்வம் இருந்தது. ஆனாலும் அதே கேள்விதான்.

"சும்மா" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். பதில் இன்னும் வரவில்லை என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொழுந்தனார் புறா வளர்க்கிறார். முப்பது புறாக்களுக்கு மேல் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு விசிலடித்தபடி நிற்பார். தீனிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று எனக்குத் தெரியும். மளிகைக் கணக்கு எழுதுவது நான். எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவதும் பெரும்பாலும் நான்தான். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. "எதுக்குப்பா உனக்குப் புறா?" என்று அவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அவனுக்குப் புறான்னா உசுரு" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே மாடி, ஒரே வானம். அவர் அண்ணாந்து பார்த்தால் ஆசை. நான் அண்ணாந்து பார்த்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

இந்தக் கட்டுரை ட்ரோனைப் பற்றியது. அதைவிட அதிகமாக, அந்தக் காரணம் கேட்கும் பழக்கத்தைப் பற்றியது.

*

திருவண்ணாமலைக்காரர்களுக்குச் 'சும்மா' என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் நின்று தென்மேற்கே திரும்பினால் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் சும்மா இருப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ வந்து வீடெடுத்துத் தங்குகிறார்கள். 'சும்மா இரு' என்பது இந்த ஊரில் உபதேசம். எந்த வேலையும் செய்யாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஆணின் காலில் ஊர் விழுகிறது.

அதே ஊரில், "உங்க வீட்ல அவங்க என்ன பண்றாங்க?" என்று ஒரு ஆணிடம் கேட்டுப் பாருங்கள். "வீட்லதான், சும்மா இருக்கா" என்பார்.

அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று அரசாங்கமே எண்ணிப் பார்த்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருநாளைக்கு 289 நிமிடங்கள் அதில் செலவிடுகிறாள். அந்த வேலைகளில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இது 299க்கு 97ஆக இருந்தது. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. நான் கணக்கு டீச்சர். இதில் முன்னேற்றம் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாள் முழுக்க வேலை செய்யும்போது 'சும்மா இருக்கா' என்கிறார்கள். நிஜமாகவே ஒன்றைச் சும்மா செய்யலாம் என்று எழுந்தால் 'எதுக்கு?' என்கிறார்கள். பெண்ணின் உழைப்புக்குப் பெயர் கிடையாது, பெண்ணின் ஓய்வுக்கு அனுமதி கிடையாது. இந்த இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள்.

"ட்ரோனெல்லாம் வசதியானவங்க விளையாட்டு டீச்சர்" என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் சீட்டு எடுத்த பணத்தில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதைத்தான் வாங்கினேன். அதுகூட முடியாத பெண்களே இங்கே அதிகம். எல்லாரும் ட்ரோன் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செஸ் ஆடுங்கள், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், மாடியில் பாய் விரித்து நட்சத்திரம் பாருங்கள். எதுவாக இருந்தாலும், செலவே இல்லாததாக இருந்தாலும், அந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். ட்ரோன் கொஞ்சம் சத்தமாகப் பறப்பதால் கேள்வியும் கொஞ்சம் சத்தமாக வந்தது, அவ்வளவுதான்.

*

எனக்கு ட்ரோனை விற்றவர் போளூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் பக்கத்தில் இதை இன்னும் 'ஹெலிகேம்' என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய மாடலுக்கு மாறுவதால் சின்னதை விற்றார். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருப்பதால் பழையவற்றுக்கும் நல்ல கிராக்கி. நான் பணத்தை எண்ணிக்கொடுத்தேன். அவர் ரிமோட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் விளக்கினார். வீட்டுக்காரர் பாவம், வண்டி ஓட்ட மட்டும்தான் கூட வந்திருந்தார்.

சட்டத்தை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனை ஓட்டவும், வியாபார நோக்கமில்லாமல் மைக்ரோவை ஓட்டவும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அரசுத் தளத்தில் பதிவு உண்டு; கைமாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசுத் தளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கவிடலாம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அனுமதி வேண்டும். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும். தீபத் திருவிழா நாட்களில் காவல்துறை தனியாகத் தடை போடும். கோயிலின் மேலே ஒருநாளும் கூடாது. மலை காப்புக்காடு, அங்கும் கூடாது.

கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஆறு மணிக்கு, ஏரிக்கரையை ஒட்டிய வெற்று நிலத்தில். ஆறு மணிக்குக் காற்று இருக்காது என்பது ஒரு காரணம். ஏழரைக்குள் இட்லி வேகவைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

தொடங்கும் தோழிகளுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ட்ரோனைத் தரையில் வைத்ததும் அவசரப்படாதீர்கள். போதுமான செயற்கைக்கோள்களோடு தொடர்பு கிடைத்து, தான் கிளம்பிய இடத்தை அது குறித்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். சிக்னல் அறுந்தால் அது தானாகத் திரும்பி வருவது அந்த இடத்துக்குத்தான். திரும்பும் உயரத்தைப் பக்கத்திலுள்ள உயரமான தென்னையையும் செல்போன் டவரையும்விட அதிகமாக வையுங்கள். இல்லையென்றால் ஒழுங்காகத் திரும்பி வந்து ஒழுங்காக டவரில் மோதும். இடதுகைக் குச்சி ஏற்றி இறக்கும், இருந்த இடத்திலேயே திருப்பும். வலதுகைக் குச்சி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும். ட்ரோனின் முகம் உங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும். முதல் மாதம் எல்லாரும் மோதுவது இங்கேதான். ஆளுயரத்தில் நிறுத்திப் பழகி, பிறகு சதுரம், பிறகு எட்டுப் போட்டுப் பழகுங்கள். பேட்டரி முப்பது நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தால் இருபது என்று வைத்துக்கொண்டு, முப்பது சதவீதம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டி விடாதீர்கள். பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். அது வானத்தின் சொந்தக்காரி.

நான் கற்றது இணைய வீடியோக்களைப் பார்த்துத்தான். பார்த்த எல்லாவற்றிலும் பேசியது ஆண். 'ப்ரோ' என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் நானும் ப்ரோவாக இருந்தேன்.

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து எங்கள் தெருவை முதல்முறை பார்த்தது மார்கழியில். தெருவில் எங்களைக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் கோலம். குனிந்தபடி, ஒருநாளும் முழுதாகப் பார்க்க முடியாத கோணத்தில் இருந்துகொண்டு, மேலிருந்து பார்த்தால் பிசகில்லாத ஒன்றைத் தினமும் போட்டுவந்திருக்கிறோம். புள்ளி எண்ணிக்கை, இழை திரும்பும் இடம், நாலு பக்கமும் ஒத்துப்போவது எல்லாம் மனதுக்குள் மேலிருந்து பார்த்தால்தான் வரும். பெண்களுக்கு மெஷின் ஒத்துவராது, திசை புரியாது என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் தினம் காலையில் அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.

அந்தப் படத்தைத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். என் பெயரில், என் எண்ணிலிருந்து. பதினோரு பேர் "சூப்பர் சார்" என்று என் வீட்டுக்காரருக்குப் பதில் போட்டிருந்தார்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் பிறந்தவர். அவர் எடுத்த தொடக்கக் காலப் படங்கள் அவருடைய கணவரின் பெயரில் அச்சாகின. நம் சினிமாவில் பி.ஆர். விஜயலட்சுமி 1985இல் 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளர் ஆனார். இன்று நமக்குத் தெரிந்த பெண் ஒளிப்பதிவாளர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், கையிலேயே முடிந்துவிடும். கேமராவுக்கு முன்னால் நிற்பதற்குப் பெண் வேண்டும். பின்னால் நிற்பவள் பெண்ணென்றால் கண்ணுக்கே தெரிவதில்லை.

*

"அரசாங்கமே இப்ப பொம்பளைங்களுக்கு ட்ரோன் குடுக்குதே, அதுல சேர்ந்திருக்கலாமே" என்பார்கள். கொடுக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 15,000 பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன், 1,261 கோடி ரூபாய், விலையில் 80 சதவீதம் வரை, அதிகபட்சமாக 8 லட்சம் ரூபாய் மானியம், பதினைந்து நாள் பயிற்சி. வயலுக்கு உரமும் மருந்தும் அடித்துக் கூலி வாங்கலாம்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. முதுகில் ஸ்பிரேயர் கட்டிக்கொண்டு மருந்து வாசத்தில் நடந்த பெண், வரப்பில் நின்று அதே வேலையைச் செய்து கூலியும் அதிகம் வாங்கினால் அது நல்லதுதான். பைலட் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டிருந்த விதியை 2023 செப்டம்பரில் தளர்த்தி, மற்ற அரசு அடையாள அட்டைகளும் போதும் என்று மாற்றினார்களே, அதுவும் நல்லதுதான். பாஸ்போர்ட் இல்லாத கிராமத்துப் பெண்களுக்கு அது ஒரு கதவு.

ஆனால் எந்த ட்ரோன் வருகிறது என்று பாருங்கள். டேங்க் வைத்த ட்ரோன் வருகிறது. பெண் வானத்துக்குப் போகலாம், குடும்ப வருமானத்தைச் சுமந்துகொண்டு. அவளை 'தீதி' என்று, அதாவது அக்கா என்று அழைப்பார்கள். ஆண் ஓட்டினால் அவன் பைலட். அவனை யாரும் அண்ணன் என்று திட்டத்துக்குப் பெயர் வைப்பதில்லை. உறவுமுறையும் உபயோகமும் இல்லாமல் ஒரு பெண்ணை அனுப்பிவைக்க நமக்குத் தெரியவில்லை.

இது சைக்கிளிலேயே நடந்த கதை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி எழுந்தது, ஆபாசமாகப் பேசினார்கள். அதற்குப் பதிலாக நாம் என்ன சொன்னோம்? தண்ணீர் கொண்டுவரலாம், சந்தைக்குப் போகலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம் என்றோம். எல்லாம் உண்மை. ஆனால் சரிவில் மிதிக்காமல் இறங்கும்போது முகத்தில் அடிக்கும் காற்றுக்காகவும் ஒரு பெண் சைக்கிள் ஓட்டலாம் என்று அன்றைக்கு நாம் உரக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சைக்கிளைப் பிடுங்கியிருப்பார்கள் என்ற பயம் நியாயமானது. முப்பது வருஷம் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது பயம்கூட இல்லை, பழக்கம்.

பயனைச் சொல்லி வாங்கும் உரிமை, பயன் தீர்ந்ததும் திரும்பிப் போய்விடும். அதனால்தான் 'சும்மா' என்ற பதிலை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

*

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் 'சும்மா' போதவில்லை.

நான்காவது மாதம், ஏரிக்கரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பைக்கில் நான்கு பையன்கள் வந்து நின்றார்கள். "யாரக் கேட்டு வீடியோ எடுக்கறீங்க? பொம்பளைங்க இருக்கிற இடம் இது" என்றார்கள். பொம்பளை என்று நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் சீருடையில் ஒருவர் வந்தார். பதிவையும் வரைபடத்தையும் போனில் காட்டினேன். அவற்றைப் பார்க்காமல், "உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்றார். ட்ரோன் என் பெயரில் இருக்கிறது என்றேன். "அதான்மா, அவர வரச் சொல்லுங்க" என்றார்.

அதே வாரம் எங்கள் வார்டில் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. நான்கு தெருவின் மாடிகளுக்கு மேலே ஒரு ட்ரோன் அரைமணி நேரம் சுற்றியது. அதே பையன்கள் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்சிக் கூட்டத்துக்கு மேலே பறக்கிறது, தேருக்கு மேலே பறக்கிறது. தீபத்தன்று காவல்துறை ட்ரோன் நம் எல்லார் தலைக்கும் மேலே நின்று பார்க்கிறது. அங்கெல்லாம் பொம்பளைங்க இல்லையா? கேமரா யாரைப் பார்க்கிறது என்பது அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

அவர்களுக்கு இந்தப் பதில் போதும். அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்ற அக்காவுக்கு இது போதாது.

ஏரிக்கரை ஓரம் குடியிருப்பவர் அவர். வீட்டில் மேல்கூரை போட்ட குளியலறை இல்லை, தென்னங்கீற்று மறைப்புதான். அவர் சண்டைக்கு வரவில்லை. "டீச்சர், உங்கள நான் தப்பா சொல்லல. ஆனா மேல சத்தம் கேட்டா எம் பொண்ணு பாதி குளியல்ல நைட்டிய மாட்டிக்கினு உள்ள ஓடறா. அது நீங்க விட்டதா, வேற எவனாவது விட்டதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. சட்டம் இருக்கிறது. தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல்முறைக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. ஆனால் வானத்தில் போகும் சத்தத்துக்கு முகவரி இல்லை. கீற்று மறைப்புக்குள் நிற்கும் பெண்ணுக்கு 77ஆம் பிரிவு கூரை ஆகாது.

எங்கள் ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. அடிமுடி தேடிய கதை. பிரம்மா அன்னமாகப் பறந்துபோய் முடியைத் தேடினார். காணாமலேயே கண்டேன் என்றார். தாழம்பூவைப் பொய்சாட்சிக்குக் கூட்டிவந்தார். இந்த மலைக்கு மேலே பறந்து பார்த்த முதல் ஆள் கொண்டுவந்தது ஒரு பொய். மலை உச்சி 2,668 அடி என்கிறார்கள், எனக்கு அனுமதி 400 அடிதான். இருந்தாலும் அக்கா போன பிறகு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. மேலே போகிறவர் பார்த்ததைக் கீழே இருப்பவர் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையே தப்பு.

அடுத்த ஞாயிறு அக்காவையும் அவர் மகளையும் கரைக்குக் கூப்பிட்டேன். ரிமோட்டின் திரையை அவர்கள் கையில் கொடுத்தேன். நாங்கள் மூவரும் நின்ற இடத்துக்கு நேர் மேலே கொஞ்சம் தள்ளி ட்ரோனை நிறுத்திக் காட்டினேன். பத்து மீட்டரில் முகம் தெரிந்தது. மகளின் தலையில் இருந்த ரிப்பன் நிறம்கூடத் தெரிந்தது. முப்பது மீட்டரில் ஆள் தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. அறுபதில் மூன்று புள்ளிகள். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் உள்ள பெரிய ட்ரோன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொன்னேன். ஒவ்வொரு உயரத்திலும் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். பத்து மீட்டரில் வண்டு காதுக்குள் புகுந்ததுபோல இருக்கும். அறுபதில் ஏரிக் காற்றோடு கலந்துவிடும்.

அக்கா நான்கைந்து முறை கேட்டார். "அப்ப, அன்னிக்கு மாடிகிட்ட வந்துச்சே கல்யாணத்துல, அதுல மூஞ்சியெல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். ஆமாம் என்றேன். "அத எடுத்தவன்கிட்டதான் கேக்கணும்" என்றார். கேட்டும்விட்டார். அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய், அந்தப் பகுதியை அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

'பெண்களின் பாதுகாப்புக்காக' என்று சொல்லி என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கப் பார்த்தவர்களால் இது நடந்திருக்காது. அந்தக் கருவி எதைப் பார்க்கும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும், எப்படிச் சத்தம் போடும் என்று தெரியாத வரைக்கும் நமக்கு இருப்பது ஓடி ஒளிவது ஒன்றுதான். தெரிந்தால் கேள்வி கேட்கலாம். நாம் தொடக்கூடாத கருவியிடமிருந்து நம்மைக் காப்பாற்ற எப்போதும் இன்னொரு ஆண் வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். வீடுகளுக்கு மேலே பறக்கவிடுவதில்லை. தெருவை எடுக்க வேண்டுமென்றால் முதல்நாளே வீடுவீடாகப் பெண்களிடம் நேரத்தைச் சொல்வேன். ஒருவர் வேண்டாம் என்றாலும் இல்லை. அந்த மார்கழிக் கோலப் படம் அப்படி எடுத்ததுதான். எடுத்ததைக் கேட்பவர்களுக்குக் காட்டுவேன், அழி என்றால் அவர்கள் கண்முன்னே அழிப்பேன். எந்த அரசிதழிலும் இல்லாத இந்த விதிகளை அக்காவுக்குக் கடமைப்பட்டு எழுதிக்கொண்டேன்.

*

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஊர் உறைந்திருந்த அந்த நாட்களில் உறவினர் ஒருவர் போன் செய்தார். "இப்பவாவது உன் ட்ரோனை உருப்படியா யூஸ் பண்ணு. மேல இருந்து எடுத்துப் போடு, எல்லா சேனல்லயும் வரும்" என்றார்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. மீட்புப் பணி நடக்கும் இடத்தில் தனியார் ட்ரோன் பறப்பது இடைஞ்சல், ஆபத்து. அதற்கும் மேலாக, அது பார்க்கும் நேரமில்லை. குழந்தைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏரியின் மேலே நாரை பார்த்ததைப் 'வீண்' என்றவர் அவர். புதைந்த வீட்டைப் படமெடுப்பதை 'உருப்படி' என்றவரும் அவர்தான். பயன் என்ற சொல்லை யார் கையில் கொடுக்கிறோம் என்று அன்றைக்கு எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. சும்மா செய்வது பொறுப்பில்லாமல் செய்வதென்று நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பதால்தான் என்னால் பெட்டியை மூடி வைக்க முடிந்தது.

*

தோழிகளே, நீங்கள் ட்ரோன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்களை யாராவது 'எதுக்கு?' என்று கேட்டால் உடனே பயன்பட்டியலை நீட்டாதீர்கள். உடம்புக்கு நல்லது, பிள்ளைகளுக்கு உதவும், நாளைக்கு நாலு காசு வரும் என்று வக்காலத்து வாங்காதீர்கள். சும்மா என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தச் சொல்லை இந்த நாட்டு ஆண்கள் ஆயிரம் வருஷமாக வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதில் பங்கு உண்டு.

கேட்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அக்காவின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்குத் திரையைப் பார்த்ததிலிருந்து, தானும் ஒருமுறை ஓட்ட வேண்டும் என்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், ஆளுயரத்துக்கு மேலே போகாது என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

"அவளுக்கு இன்னாத்துக்கு டீச்சர் அது?" என்றுதான் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கேட்கப்போகிறேன். பேட்டரி சார்ஜில் இருக்கிறது.